நீட்டிய கை

சலவைக்கடைக் குடும்பத்தை நாம் விட்டுவந்தபோது மாமியாரின் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. மருமகளின் தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம் இருந்தது. பெட்டியின் சூடு ஊருக்கே தெரியும். புத்தகத்தின் சூடு மருமகள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கீழே கடை, மேலே வீடு. கடையை உண்டாக்கிய மாமனாருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது கடை ஜன்னலோரம், இஸ்திரி மேசைக்கு இடது புறம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய பொழுது. மாமியார் இஸ்திரி போடுகிறார். மருமகள் முன்மேசையில் துணி வாங்கி, டோக்கன் குத்தி, திருப்பிக் கொடுக்கிறாள். அவள் புருஷன், பெரியவன், வேன் ஓட்டுகிறான். சின்னவன் தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா எழுதிய கதைப்புத்தகம்தான் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. பெயர், 'சாயம் போனால் பொறுப்பல்ல'.

எல்லாம் கோணல் கதைகள். ஒருவன் சோம்பல்பட்டுத் தன் நிழலை வேலைக்கு அனுப்புகிறான். நிழலுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. இன்னொரு கதையில், சாகப்போகிறவர்கள் முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் செத்தவரை மேலதிகாரி ஆள் விட்டுத் திருப்பி அழைக்கிறார். படிக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்ததும் அதே வயிற்றில் கல் விழுந்தாற்போல இருக்கும்.

புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து கடைத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், சிரித்ததில் பல்செட் கழன்று விழுந்ததாகச் சொன்னார். ஒரு நர்ஸ் இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இரவு வேலைக்குப் போகிறாளாம். கடைசிக் கதைக்கு முடிவே இல்லை, ஒரு தாளை விட்டுவிட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று புத்தகக்கடையில் போய்ச் சண்டை போட்டவர் ஒருவர். நிழல் கதையைப் படித்துவிட்டு, 'நீங்களும் இப்படித்தானே' என்று புருஷனோடு பேச்சை நிறுத்திய அம்மாள் ஒருத்தி. எல்லாவற்றையும் மாமியார் முகம் மலரக் கேட்டுக்கொண்டார். மகனின் படம் வந்த பத்திரிகைத் துண்டை டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஆனால் புத்தகத்தை அவர் இன்னும் படிக்கவில்லை. கேட்டபோதெல்லாம் சின்னவன், பிரதி தீர்ந்துபோச்சும்மா, அடுத்த பதிப்பு வரட்டும் என்று நழுவினான்.

ஏன் நழுவினான் என்று மருமகளுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற கதை ஒன்று உண்டு. தலைப்பு, 'ஸ்டாண்ட்'. சலவைக்கடைக்காரர் ஒருவர் பேச்சை இழந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மனைவிக்குக் கை நிறைய வேலை. சூடான சட்டையை அவர் கையில் மாட்டிவைக்கிறாள். நன்றாக நிற்கிறது. மறுநாள் இரண்டு சட்டை. பிறகு வருகிறவர் போகிறவரெல்லாம் தொப்பி மாட்டுகிறார்கள், பை மாட்டுகிறார்கள். அவர் மனிதர் என்பதே எல்லோருக்கும் மறந்துபோய், துணி மாட்டுகிற ஸ்டாண்டாகிவிடுகிறார்.

மருமகள் அதை மேலே அறையில் தனியாக உட்கார்ந்து படித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். கீழே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமாவின் இடது கை அவள் கண்முன் வந்தது. அந்தக் கையிலும் தினமும் சட்டை தொங்குகிறது. தொங்கவிடுவது அத்தை.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஏன் அத்தை இப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியவனும் கேட்கவில்லை, சின்னவனும் கேட்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்விகள் எத்தனை. கேட்காத கேள்விக்கு அவரவர் மனசே ஒரு பதில் எழுதிக்கொள்கிறது. சின்னவன் எழுதியது அச்சேறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தைக்கு மட்டும் இது தெரியாமல் இருக்கட்டும், கடவுளே. இதுதான் அன்று காலை அவள் செய்த பிரார்த்தனை.

அன்று சாயங்காலம் நூலகக் கூடத்தில் வாசகர் கூட்டம். கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் பல் டாக்டரம்மா. வாராவாரம் ஆள் மூலம் வெள்ளைக் கோட்டுகளைச் சலவைக்கு அனுப்புகிறவர், கடைக்குள் அவரே வந்ததில்லை. பெரிய குரல், பெரிய மனசு. யாருக்குப் பல் வலித்தாலும் ஞாயிற்றுக்கிழமைகூடக் கதவைத் திறப்பார். கெட்ட எண்ணம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவர்களின் கையிலிருந்து விழுகிற கல்லும் காலில்தான் விழுகிறது.

காலை வேலை மும்முரத்தில் டாக்டரம்மா உள்ளே வந்தார். கக்கத்தில் புத்தகம். மருமகள் அதைப் பார்த்ததுமே கோட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிடப் பார்த்தாள். ஆனால் மாமியார் முந்திக்கொண்டார். வாடிக்கையாளர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மடிச்சுத் தரவா, அப்படியே தரவா?"

டாக்டரம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தே விட்டார்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. நீங்க இதை நிஜமாவே சொல்றீங்களா?"

"எதை?" என்றார் மாமியார், தானும் பாதி சிரித்தபடி.

"இதான் கதையோட கடைசி வரி. உங்க பையன் உங்களை அப்படியே எழுத்துல பிடிச்சுட்டார்."

அப்போதுதான் அவர் கண் ஜன்னலோரம் போயிற்று. மாமா உட்கார்ந்திருந்தார். இடது கை முன்னால் நீண்டிருந்தது. அதில் ஒரு நீலச் சட்டை, ஆவி பறக்க. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. கண் விரிந்தது. ஆனால் ரசிகர் மனசு கேட்கவில்லை. நம்ப முடியாத ஒன்றைப் பார்த்த ஆச்சரியத்தில், தாயின் மனசைக் குளிர வைக்கிற எண்ணத்தில், புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

மருமகள் நடுவில் புகுந்தாள். கூட்டத்துக்கு நேரமாகலையா டாக்டர், நாற்காலியெல்லாம் போட்டாச்சா என்று கேட்டாள். மாமியார் அவளைக் கையமர்த்தினார். "இரும்மா. கேக்கறேன்."

டாக்டரம்மா ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"'ஸ்டாண்டைப் பற்றி மனைவிக்குக் குறை ஒன்றும் இல்லை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் அதிகம் என்றாள். மழைநாளில் விருந்தாளி ஒருவர் அதில் தன் குடையை மாட்டினார். குடை சொட்டியது. ஸ்டாண்ட் அழுகிறது என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள்.'"

இஸ்திரிப்பெட்டியை மாமியார் நிமிர்த்தி வைத்தார். "அப்புறம்?"

அப்புறம் கடைசிப் பக்கம். முன்பின் தெரியாத ஒருவர் டோக்கனோடு வருகிறார். எண் சரியாக இருக்கிறது. மனைவி ஸ்டாண்டை அவரிடம் எடுத்துக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். மடிச்சுத் தரவா, அப்படியே தரவா.

வாசித்து முடித்தவுடன் டாக்டரம்மாவுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தை மெல்ல மூடினார்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார் மாமியார்.

கோட்டுகளை மடித்துக் கொடுத்தார். சாயங்காலம் அவசியம் வரணும் என்று டாக்டரம்மா குரல் தாழ்த்திச் சொன்னதற்குத் தலையை ஆட்டினார். அவர் தெருவில் இறங்கியதும் மாமியார் ஜன்னலோரம் போய், மாமாவின் கையிலிருந்த நீலச் சட்டையை எடுத்து, சுவரோரக் கம்பியில் மாட்டினார். அடுத்த சட்டையும் கம்பிக்குப் போயிற்று. அதற்கு அடுத்ததும்.

மாமாவின் கை மட்டும் நீண்டபடி இருந்தது.

கை வலிக்குமே என்று மருமகள் அதைப் பிடித்து மெதுவாக மடியில் இறக்கி வைத்தாள். முன்மேசைக்குத் திரும்பி வந்து ஒரு துணிக்கு டோக்கன் குத்திவிட்டு நிமிர்ந்தாள். கை மறுபடி நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, மேசைப் பக்கமாக. மாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலரை இஸ்திரி போடுகிற கவனத்தில், போட்ட காலரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் மாமா சாப்பிடவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச முடியாதவரின் கோபம் பேசுகிறவரின் கோபத்தைவிடச் சத்தமானது. அது கடை முழுக்கக் கேட்டது.

வேனை நிறுத்திவிட்டு வந்த பெரியவனிடம் மருமகள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்ற தாயை ஊர் சிரிக்க வைத்தவன் இந்த வீட்டில் சோறு தின்னக் கூடாது என்றான். சின்னவன் அன்று அரைநாள் லீவு போட்டிருந்தான். கூட்டத்தில் என்ன பேசுவது என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறியவனைப் பாதிப் படியிலேயே அண்ணன் மறித்தான்.

"வாடா எழுத்தாளா. அப்பாவை வித்தாச்சு, அம்மாவை வித்தாச்சு. அடுத்த புத்தகத்துக்கு நானும் உன் அண்ணியும் வரிசையில நிக்கணுமா?"

சின்னவன் அண்ணனைத் தாண்டி அண்ணியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த ஒரு தலையாட்டலில் அவனுக்குப் புரிந்துபோயிற்று. அப்படியே படியில் உட்கார்ந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். வீட்டு வாயைத் திறக்கவும் ஒரு சாவி கிடைப்பதில்லை. பெரியவன் திட்டித் தீர்த்துவிட்டுக் கீழே போன பிறகு மருமகள் சின்னவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்திருப்பான். அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"நானும் சிரிச்சேன் தம்பி. முழுசா சிரிச்சுட்டுத்தான் யாரைப் பத்தின கதைன்னு பார்த்தேன். உன்னை எந்த வாயால திட்டறது?"

அவன் டம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில், இதே படியில் நின்று எட்டிப் பார்த்தானாம். அம்மா அப்பாவின் கைமேல் சட்டையைப் போட்டுவிட்டு அதை எடுக்காமல் நின்றிருந்தாளாம்.

"அவர் முகத்தைப் பார்த்தேன் அண்ணி. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்குக் கீழே இறங்கி வரத் தெரியல. மேலே போய் எழுதிட்டேன். எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, இவங்க எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்குப் பயமாயிருக்கு."

"அம்மாகிட்ட போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

பதிலுக்குக் காத்திருக்க அவனுக்குத் தைரியம் இல்லை. கடை வழியாகப் போனால் அம்மாவைப் பார்க்க வேண்டும். பின்வாசல் வழியாக இறங்கி, அலுவலகத்துக்குப் போட்டுப்போன கசங்கின சட்டையோடேயே நூலகத்துக்குப் போய்விட்டான். கூட்டத்துக்கென்று அம்மா நேற்றே துவைத்துவைத்த வெள்ளைச் சட்டை இஸ்திரி மேசைக்குக் கீழே கூடையில் கிடந்தது.

மருமகள் கடைக்கு வந்தபோது மாமாவின் கை இன்னும் நீண்டிருந்தது. இப்போது நடுங்கியது. மாமியார் ஒரு சட்டையை முடித்துக் கம்பியை நோக்கித் திரும்பினார். மருமகளுக்கு என்ன தோன்றியதோ, இடையில் போய் அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டாள். நேராக ஜன்னலோரம் போனாள். மாமாவின் கைமேல் போட்டாள்.

நடுக்கம் நின்றது.

அப்படி ஒரு காட்சியை அவள் அதுவரை கிட்டே நின்று பார்த்ததில்லை. மாமா முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினார், துணி தரையில் படாமலிருக்க. கட்டைவிரலால் காலரை ஒதுக்கி விட்டார். பிறகு ஆவி அடங்கும்வரை அசையாமல் வைத்திருந்தார். வெறும் ஸ்டாண்டுக்குக் கட்டைவிரல் ஏது? சூடு ஆறாமல் மடித்தால் துணியில் ஈரவாடை தங்கும், மடிப்பும் கோணிக்கொள்ளும். கடைக்கு வந்த புதிதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே மாமாதான்.

"அத்தை" என்றாள். "இதை யார் ஆரம்பிச்சது?"

ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. மாமியார் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். முந்தின தலைமுறை மனுஷி; அழுதாலும் கை வேலையை ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் அழுவார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் வேலை முறை ஒன்றுதான். மாமியார் இஸ்திரி போடுவார். முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல், இடது பக்கமாகச் சட்டையை நீட்டுவார். அங்கே மாமாவின் கை இருக்கும். கையில் போட்டு ஆறவைத்து, மடித்து அடுக்குவது அவர் பங்கு. அந்தக் கை இருக்கிறதா என்று மாமியார் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருக்கும். இரண்டு பேரும் சண்டையிட்டுப் பேசாமலிருந்த நாட்களிலும் சட்டை கீழே விழுந்ததில்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம். தனியா விட மனசில்லாம அவரைக் கொண்டுவந்து பழைய இடத்துலயே உட்கார வெச்சேன். வேலை மும்முரத்துல, பழக்க தோஷம்மா, பார்க்காம நீட்டிட்டேன். நீட்டின அப்புறம்தான் நினைவு வந்துச்சு. ஐயோ, கீழே போச்சேன்னு திரும்பறேன். விழல. அவர் கையில இருக்கு."

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அதுவரைக்கும் அவர் என்னைப் பார்த்தா சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் என்னைப் பார்த்தார். எடுக்கப் போனேன், விடலை. மறுநாள் காலையில நான் பெட்டியைச் சூடு பண்றதுக்குள்ள கையை நீட்டிட்டார். நான் மாட்டலம்மா. அவர் வாங்கறார்."

மருமகள் மாமாவைப் பார்த்தாள். அவர் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இருக்கிறவருக்கு அரட்டை எதற்கு?

"இதை ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்ல. புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். இதை ஊர்ல தண்டோரா போடவா?" மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னார்: "அவன் எழுதினதுல தப்பு இல்ல. வெளியிலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். எனக்கே இன்னைக்கு அப்படித் தெரிஞ்சுது. அதான் எடுத்துட்டேன். அந்த டாக்டர் சிரிச்சப்ப, இந்த மனுஷனை நாம கேலிப்பொருளா ஆக்கிட்டோமோன்னு தோணிப்போச்சு."

வாசல்படியில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பெரியவன் வேன் சாவியோடு நின்றிருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் தெரியாது. அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அப்பாவின் நாற்காலிச் சக்கரத்தில் நூல் சுற்றியிருக்கிறது என்று சொல்லிக் குனிந்து, இல்லாத நூலை எடுத்துக்கொண்டிருந்தான்.

மாமியார் மறுபடி பெட்டியின் சுவிட்சைப் போட்டார். கூடையிலிருந்து சின்னவனின் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். காலர், தோள், கை, முன்பக்கம். மருமகள் பார்த்த வரையில் ஒரு சட்டைக்கு அத்தை அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. முடித்தார். திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் நீட்டினார். சட்டை கீழே விழவில்லை.

"வேனை எடு" என்றார் பெரியவனிடம். "கசங்கின சட்டையோட மேடையில உட்கார்ந்திருப்பான். அப்பா கொண்டுபோய்க் கொடுக்கட்டும்."

பெரியவன் தயங்கினான். அங்கே கூடியிருப்பவர்கள் எல்லோரும் அந்தக் கதையைப் படித்தவர்கள். அப்பா நீட்டிய கையில் சட்டையோடு உள்ளே போனால் என்ன நினைப்பார்கள்? சிரித்துவிட்டால்? அப்பாவுக்குக் காது கேட்கும். எல்லாம் புரியும்.

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் மாமியார். ஆனால் அதைச் சொன்ன குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. கடை விளக்கை அணைப்பதற்கு முன், கதவருகே நின்று ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று மருமகள் கேட்கவில்லை. தன் பிரார்த்தனையையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். காலையில் கேட்டது கிடைக்கவில்லை. அதனால் என்ன, கேட்கத் தெரியாமல் கேட்டதைக் கடவுள் கொடுக்காமலிருப்பதும் உண்டு.

நூலகக் கூடம் நிறைந்திருந்தது. பின்வாசல் வழியாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் நுழைந்தபோது சின்னவன் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தான். வேறு கதை வாசிக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறான். வாசகர்கள் விடவில்லை. 'ஸ்டாண்ட், ஸ்டாண்ட்' என்று கேட்டிருக்கிறார்கள். குடை சொட்டுகிற இடத்துக்கு வந்திருந்தான். கூடம் குலுங்கிச் சிரித்தது. வாசிக்கிறவன் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. மேடை விளக்கில் சட்டையின் கசங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

சக்கரம் கிரீச்சிட்டது. கடைசி வரிசையில் ஒருவர் திரும்பினார். பிறகு அவருக்கு முன்னால் இருந்தவர். நடைபாதையில் ஒரு சக்கர நாற்காலி, அதில் ஒரு மனிதர், முன்னால் நீட்டிய கை, கையில் ஒரு வெள்ளைச் சட்டை.

கூடம் அமைதியாயிற்று. அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு குரல், "அட, நாடகமும் வெச்சிருக்காங்கப்பா" என்றது. யாரோ கை தட்டினார். இன்னொருவர் தட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடம் முழுக்கக் கைதட்டல். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள், சிரித்துக்கொண்டே. முன்வரிசையில் பல் டாக்டரம்மா மட்டும் தட்டவில்லை. எழுந்தார், இரண்டு கைகளையும் விரித்து, வேண்டாம், வேண்டாம் என்று சைகை காட்டினார். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மருமகள் நாற்காலியை நிறுத்தினாள். தப்புப் பண்ணிட்டோம் என்று நினைத்தாள். குனிந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மேடையில் நிற்கிற மகனின் கசங்கின சட்டையைத்தான் பார்த்தார். முகம் சுளித்தது. தொழில்காரரின் சுளிப்பு.

சின்னவன் மேடையிலிருந்து இறங்கினான். படியில் ஒரு தடவை தடுமாறினான். நாற்காலி முன்னால் வந்து நின்றான். சட்டையை எடுப்பதற்குக் கையைக் கொண்டுபோனவன், அம்மாவைப் பார்த்தான். அம்மா இடது கையைத் தன் பக்கத்தில் லேசாக நீட்டிக் காட்டினார், கடையில் அப்பா நீட்டுவது போல.

அவன் எடுக்கவில்லை. தன் கையை அப்பாவின் கைக்குப் பக்கத்தில் நீட்டினான்.

மாமா முழங்கையை மெல்லச் சாய்த்தார். வெள்ளைச் சட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு, ஒரு மடிப்புக் கலையாமல், வழுக்கி இறங்கியது. அது இன்னும் சூடாக இருந்தது. இஸ்திரியின் சூடா, வழியெல்லாம் அணைத்துக்கொண்டு வந்த உடம்பின் சூடா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்பா" என்றான்.

மாமாவின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். வருடம் முழுக்கப் பேச அசையாத உதடு. மருமகள் காதைக் கிட்டே கொண்டுபோனாள். கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குள் மேடையிலிருந்து அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், உருக்கமான காட்சி, அற்புதம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, சபையின் சார்பில் ஒரு வேண்டுகோள் வைத்தார். கடைசிப் பக்கம் பாக்கி இருக்கிறது. ஆசிரியர் வாசித்து முடிக்க வேண்டும்.

கூட்டம் உட்கார்ந்தது. டோக்கனோடு ஒருவர் வருகிற பக்கம் அது. மாமியாருக்கும் அது மனப்பாடமாகிவிட்டிருந்தது.

சின்னவன் சட்டையைக் கையில் போட்டபடியே மேடை ஏறினான். புத்தகம் திறந்து கிடந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு முழங்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான், துணி தரையில் படாமலிருக்க. வாயைத் திறக்காமல், சூடு ஆறட்டும் என்று நின்றான்.